பின் சீட்டுக்காரருக்கு ஒரு பிரேக்

1. சாக்கடையிலிருந்து நேராகக் கடைக்கு

பிலோமினாவும் அவள் கணவர் ராயப்பனும் முதல் முறை எங்கள் கடைக்குள் வந்தபோது இரண்டு பேர் மேலும் சாக்கடை நாற்றம் அடித்தது. அவள் கையில் ஹேண்டில்பார் கோணிப்போன ஒரு லேடீஸ் சைக்கிள். அவர் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் ஒற்றைச் செருப்பு. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அந்த நேரம் ஃபிட்டிங் மேடையில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு சாஃப்ட்வேர் மேனேஜர், உடம்போடு ஒட்டின டிரவுசரில் உட்கார்ந்து, தன் முழங்கால் மடங்கும் கோணம் ஒரு டிகிரி கூடிவிட்டதே என்று துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தார். நாற்றம் வந்ததும் துக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இங்க சைக்கிளுக்கு ஆளை ஃபிட் பண்ணுவீங்களாமே. எங்க ரெண்டு பேரையும் ஒரே சைக்கிள்ல ஃபிட் பண்ணி வுடுங்க" என்றாள் பிலோமினா.

இதைப் படிக்கும் இளசுகளுக்குக் கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சரோஜா. கல்லாவி ஊர்க்காரி. ஓசூரில் ஒரு பெரிய டூ வீலர் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று, கடைசியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் வரை போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற உடம்பு இல்லை இது. பாகலூர் ரோட்டில் மஞ்சுநாத் என்கிறவர் இந்தச் சின்ன சைக்கிள் கடையைத் திறந்தபோது ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டேன். மஞ்சு சாருக்கு வீட்டில் கன்னடம். தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் மட்டும் கன்னடத்தில்தான் வரும்.

எங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று ஃபிட்டிங். ஆளின் கால் நீளம், கை நீளம், இடுப்பு வளையும் அளவு எல்லாம் பார்த்து, சீட்டையும் ஹேண்டிலையும் அதற்குத் தகுந்தபடி வைப்பது. இரண்டாவது கன்வர்ஷன். மிதிக்கிற சைக்கிளுக்கு மோட்டார் வைத்து எலெக்ட்ரிக் ஆக்குவது, பழைய வண்டியை வேறு மாதிரி மாற்றுவது. ஃபிட்டிங்கில் முதல் வேலையே ஸ்பாஞ்ச் அட்டையில் ஆளை உட்காரச் சொல்லி, எழுந்ததும் அதில் விழுந்த பள்ளத்தை அளந்து சீட் அகலத்தை முடிவு செய்வதுதான். ஃபேக்டரி ஜெனரல் மேனேஜரிலிருந்து பல் டாக்டர் வரை என் முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களின் பின்புறத்தை என் அளவுக்கு அறிந்தவர் யாரும் கிடையாது. அதனாலோ என்னவோ, எந்தப் பெரிய மனிதரைப் பார்த்தாலும் எனக்குப் பயம் வருவதில்லை.

சரி, சாக்கடைக்கு வருவோம். ராயப்பன் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தவர். சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வேலை போனதும் மனிதர் வீட்டுக்குள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டார். மாதாகோயிலுக்குக்கூடப் போவதில்லை. இப்போது ஒரு ரப்பர் பார்ட்ஸ் கம்பெனியில் அவருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. ரப்பர் புஷ் என்கிற சின்ன வளையங்களில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து ஒதுக்குகிற வேலை. கண் தேவையில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டில் சேரவேண்டும். சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனிக்கு பஸ் கிடையாது. பிலோமினா வேலை செய்கிற கம்பெனி பக்கத்து காம்பவுண்டில்தான், ஆனால் அவள் கம்பெனி பஸ்ஸில் அடுத்த கம்பெனி ஆளை ஏற்றமாட்டார்கள். ஆட்டோக்காரர் விடியற்காலையில் தினமும் வருவதாகச் சொல்வார், வரமாட்டார். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. சைக்கிள்தான் தெரியும்.

"அதான் கேரியர்ல உக்கார வச்சி ஓட்டிப் பாத்தன்க்கா. அரிசி மூட்டை மாதிரி அசையாம உக்காருங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். இந்த மனுசன் வளைவுல அந்தப் பக்கம் சாயறாரு. நேரா சாக்கடை."

"மூட்டையாம் மூட்டை" என்றார் ராயப்பன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. "நான்தான் வரலைன்னு சொன்னேனே. எனக்கெதுக்கு வேலை? கட்டில் இருக்குது, ரேடியோ இருக்குது."

பிலோமினா என்னைப் பார்த்தாள். "இந்த வேலையும் போச்சுன்னா இவரு எந்திரிக்கவே மாட்டாருக்கா" என்றாள். அவர் காதில் விழும்படியாகவேதான் சொன்னாள்.

2. மஞ்சு சாருக்குக் கிறுக்குப் பிடித்தது

இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் உண்டு, பெயர் டாண்டம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவருக்கும் பெடல். புது வண்டியெல்லாம் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"ரெண்டு சைக்கிளை வெட்டி ஒட்டி ஒண்ணாக்கிடலாம் சார்."

"பேடா, பேடா! வேண்டவே வேண்டாம். சரோஜம்மா, இது ஸ்பெஷாலிட்டி ஷாப். சர்க்கஸ் கம்பெனி இல்ல" என்றார் மஞ்சு சார்.

சொல்லிவிட்டு உள்ளே போய் ஃபோனில் டாண்டம் வீடியோ ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். சாயங்காலம் வெளியே வந்தபோது, இந்த ஐடியாவே தன்னுடையது என்கிற முடிவுக்கு வந்திருந்தார். முதலாளிகளுக்கு இப்படி ஒரு வரம் உண்டு.

பிலோமினாவின் மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் ஒன்று, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தது ஒன்று. ஒரே அளவு, ஒரே பெயின்ட். முன்னால் குறுக்குக் கம்பி இல்லாததால் சுடிதாரோடு ஏறி இறங்க வசதி. வெல்டிங் பட்டறையில் இரண்டையும் அறுத்து, நடுவில் கனமான குழாய் வைத்து ஒட்டினோம். வெல்டு நிற்குமா என்று பார்க்க நானும் மஞ்சு சாரும் அதன் மேல் ஏறிக் குதித்தோம். மஞ்சு சார் குதிக்கிற கனத்தைத் தாங்கினால் ஓசூர் ரோட்டைத் தாங்கும்.

டாண்டத்தில் ஒரு விஷயம் முக்கியம். முன் பெடலையும் பின் பெடலையும் இடது பக்கத்தில் ஒரு தனிச் செயின் கட்டிப்போடும். ஒருவர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே ஆகவேண்டும். ஒருவர் காலை விறைத்தால் மற்றவர் பெடலும் நின்றுவிடும். கல்யாணம் ஆனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஃபிட்டிங்கில் குறை வைக்கவில்லை. பிலோமினாவைக் காலையில் வரச்சொல்லி அளந்தோம், ராயப்பனைச் சாயங்காலம் வரச்சொல்லி அளந்தோம். ஷிஃப்ட்டுக்குப் போட்டுப் போகிற சேஃப்டி ஷூவோடுதான் உட்கார வைத்தேன், அதன் அடி தடிப்பு சீட் உயரத்தை மாற்றிவிடும். ராயப்பன் ஸ்பாஞ்சில் உட்காரும்போது, "என்னாங்கம்மா, கண்ணு போனவன் எங்க உக்காந்தா என்னா?" என்றார். "கண்ணாலயா உக்காரப் போறீங்க?" என்றேன். முதல் முறையாகச் சிரித்தார்.

மஞ்சு சார் பாடம் எடுத்தார். "முன்னாடி உக்காறவங்க கேப்டன். பின்னாடி உக்காறவங்க ஸ்டோக்கர். ஸ்டேரிங், பிரேக், பெல் எல்லாம் கேப்டன்கிட்ட. ஸ்டோக்கர் மிதிச்சா போதும்."

"அப்ப இவ கேப்டனு, நான் மிதிக்கிற ஆளு" என்றார் ராயப்பன். "வீட்லயும் அப்பிடித்தாங்க." சொன்னவர் சிரிக்கவில்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

3. காலி மனையில் மூன்று தடவை விழுந்தது

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோமினா அவரைக் கூட்டிவந்தாள். மறுநாள் வேலையில் சேரவேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை, அங்கேதான் டிரையல்.

இரண்டு பேர் அளவும் கச்சிதம். சீட் கச்சிதம். கோணம் கச்சிதம். வண்டி மூன்றடி போனது, விழுந்தது.

மறுபடி ஏறினார்கள். பிலோமினா மிதித்தாள். ராயப்பனின் தொடை இரண்டும் கல்லாக இறுகியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவளுடைய பெடல் நின்றது. வண்டி சாய்ந்தது, இந்த முறை அவள் பக்கம்.

"நான் மிதிக்கும்போது ஏங்க காலை வெறைக்கறீங்க?"

"நீ எப்ப மிதிக்கறேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சொன்னேனே, போலாம்னு!"

"நீ சொல்றதுக்குள்ள வண்டி கெளம்பிடுது!"

மூன்றாவது முறை மஞ்சு சார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். அவரும் சேர்ந்து விழுந்தார். கன்னடத்தில் எங்கள் அத்தனை பேருடைய வம்சத்தையும் விசாரித்தார். ராயப்பனின் முழங்கை தோல் வழன்று ரத்தம் வந்தது. மண்ணைத் தட்டக்கூட இல்லை, அப்படியே ஹாலோ பிளாக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போதும். என்னை வீட்ல வுட்டுடு."

பிலோமினாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எத்தனை பேரு உங்களுக்காக மெனக்கெடறாங்க! அரிசி மூட்டையா இருந்தாக்கூட சும்மா உக்காந்து வரும். நீங்க மூட்டையைவுட மோசம்" என்றாள். சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

ராயப்பன் அவள் பக்கம் திரும்பாமல், என் குரல் கடைசியாகக் கேட்ட திசையைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, நீங்களும் லைன்ல நின்னவங்கதானே. பெரிய பிரஸ்ல இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு. ரெண்டு ரெண்டு பட்டன். நாலு கையும் பட்டன்ல வச்சாத்தான் பிரஸ் எறங்கும். நான் ஒரு கையை எடுத்தா நின்னுடும். அத்தனை டன்னு மெஷினு, நான் இல்லாம எறங்குனதே இல்லைங்க. இதுல எனக்கு என்னா இருக்குது? இவ மிதிச்சா போகுது, இவ புடிச்சா நிக்குது. எங்க போறன்னும் தெரியல, எப்பக் கெளம்பும்னும் தெரியல. காலு தானா இறுகுதுங்க. நான் என்னா பண்றது?"

அட, எங்கள் தலையில் இடி விழ! அளக்காத இடம் பாக்கி இல்லாமல் அளந்தோம். காலையில் ஒருத்தியை, சாயங்காலம் ஒருத்தரை. தனித்தனியாக இரண்டு பேரும் பொருந்தினார்கள். அந்த வண்டியில் அந்த மனிதருக்கு என்ன வேலை என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிரஸ் ஷாப் ஆளை, அவர் கைபடாமல் கிளம்புகிற மெஷினில் ஏற்றினால் காலை விறைக்காமல் என்ன செய்வார்? அந்த விறைப்புதான் அத்தனை வருஷம் அவர் விரல்களைக் காப்பாற்றியது.

"சார், அந்த பேண்ட் பிரேக் எங்க?" என்றேன்.

எலெக்ட்ரிக் கன்வர்ஷனுக்காக வாங்கி வைத்திருந்த பேண்ட் பிரேக் ஒன்று அலமாரியில் கிடந்தது. பின் சக்கரத்தோடு சுற்றும் உருளையைப் பட்டைபோலச் சுற்றிப் பிடிப்பது. அதனுடைய லீவரில் ஒரு பூட்டு உண்டு, அழுத்திப் பூட்டினால் விடுவிக்கிற வரை வண்டி அசையாது. அதை ராயப்பனின் ஹேண்டிலில் மாட்டலாம் என்றேன்.

"ஸ்டோக்கர் கையில பிரேக்கா? எறக்கத்துல புடிச்சிட்டா?" என்று மஞ்சு சார் எகிறினார்.

"பிரஸ் ஓட்டினவர் சார் அவரு. எப்ப விடணும்னு உங்களுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுப்பாரு."

மஞ்சு சார் ராயப்பனைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். கேபிள் இழுக்கும்போது, வெளிநாட்டு டாண்டத்தில்கூடப் பின்னால் இருப்பவருக்கு பிரேக் உண்டு, நான் முதல் நாளே சொன்னேனே என்றார். சொல்லவே இல்லை, சத்தியமாகச் சொல்லவே இல்லை.

மாட்டி முடித்ததும் ராயப்பனின் கையை எடுத்து லீவர் மேல் வைத்தேன். அழுத்திப் பார்த்தார். பூட்டிப் பார்த்தார். விடுவித்தார். மறுபடி பூட்டினார். பிரஸ்ஸில் அச்சு மாட்டுகிறவர் மாதிரி விரலால் கேபிளைத் தடவிக்கொண்டே போய்ச் சக்கரம் வரை பார்த்தார்.

"நான் வுடாம கெளம்பாதா?"

"யானை வந்து இழுத்தாலும் கெளம்பாது."

இரண்டு பேரும் ஏறினார்கள். பிலோமினா "ரெடி" என்றாள். அவர் காலைப் பெடலில் சரியாக வைத்துக்கொண்டார், மூச்சை இழுத்துவிட்டார், "விட்டேன்" என்றார். வண்டி போனது. காலி மனையைச் சுற்றி வந்தது. இரண்டாவது சுற்றில் அவர் பின்னாலிருந்து, "யாரும் குறுக்க வராதீங்க, ஓரம் போங்க!" என்று ஆளில்லாத மனையில் சத்தம் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லாவே அழுதேன். மஞ்சு சார் கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

4. சிப்காட் ஜங்ஷனில் ஒரு பஞ்சாயத்து

திங்கட்கிழமை காலை மத்திகிரி பக்கத்தில் உள்ள அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பினார்கள். மனசு கேட்காமல் நானும் மஞ்சு சாரும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனோம். வழியெல்லாம் ஜோராகப் போனார்கள். கம்பெனி பஸ் ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த தலைகளெல்லாம் எழுந்து வேடிக்கை பார்த்தன.

சிப்காட் ஜங்ஷன் சிக்னலில் நின்றார்கள். ராயப்பன் பிரேக்கைப் பூட்டிக்கொண்டார். பச்சை விழுந்தது.

"ரெடி" என்றாள் பிலோமினா.

வண்டி அசையவில்லை.

"ரெடிங்க!"

"மூட்டைன்னு சொன்னியே நேத்து. அதை வாபஸ் வாங்கு."

"ஐயோ மாதாவே! நடுரோட்லயா?"

"எல்லார் முன்னாடியும்தானே சொன்ன. எல்லார் முன்னாடியும் வாங்கு."

பின்னால் பஸ், லாரி, பைக் எல்லாம் ஹாரனைக் கிழித்தன. தமிழில் ஒருவர் அம்மாவை இழுத்தார், தெலுங்கில் ஒருவர் அப்பாவை இழுத்தார். கர்நாடகா லாரிக்காரர் தலையை நீட்டி, "ஏய், ஹோகப்பா குரு!" என்று நகரச்சொல்லிக் கத்தினார். மஞ்சு சார் ஸ்கூட்டரிலிருந்து குதிக்கப் பார்த்தார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சங்கு ஊத அதிக நேரமில்லை. வேலை அங்கே கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் இங்கே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பஞ்சாயத்து வைக்கிறார்!

பிலோமினா ஹேண்டிலை விடாமல் தலையை மட்டும் பின்னால் திருப்பினாள். மொத்த ஜங்ஷனுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மூட்டை இல்ல சாமி, மூட்டை இல்ல! நீங்க ஆபரேட்டரு! போதுமா? வுடுங்க!"

"விட்டேன்" என்றார் ராயப்பன்.

இரண்டு பேரும் எழுந்து நின்று மிதித்த மிதியில் லாரிக்காரரே வழிவிட்டார். கேட்டில் போய் நிற்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. ராயப்பன் பிரேக்கைப் பூட்டி, இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செக்யூரிட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பிலோமினா அவர் மறைகிற வரை நின்றுவிட்டுப் பக்கத்து கேட்டுக்கு ஓடினாள். அவளுக்கு லேட் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளசுகளுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். கோணமானி, தூக்குநூல், ஸ்பாஞ்ச் எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல சாமான்கள்தான். ஆனால் டேப்பைக் கையில் எடுக்குமுன் ஆளிடம், இந்த வண்டியில் உங்கள் வேலை என்ன என்று கேளுங்கள். வேலை இல்லாத இடத்தில் எந்த மனிதரையும் எந்த சீட்டிலும் பொருத்த முடியாது. மஞ்சு சார் இதை இப்போது வருகிறவர்களிடமெல்லாம் தான் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

மழைக்காலம் முடிந்து சர்வீஸுக்கு வண்டி வந்தது. பிலோமினா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, அந்த பிரேக்கைக் கழட்டி எறிங்க மொதல்ல. வீட்ல ஒரு பேச்சு சொல்ல முடியல. கொழம்புல உப்பு கம்மின்னாலும் மறுநாள் சிக்னல்ல புடிச்சிக்கறாரு."

"கழட்டினா நான் ஏற மாட்டேன்" என்றார் ராயப்பன். சொல்லிவிட்டு மஞ்சு சாரோடு டீ குடிக்கப் போனார். சர்க்கரை இல்லாமல் என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள்.

அவர் தூரம் போனதும் என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள். நான் ஸ்பேனரைக் கையில் எடுத்திருந்தேன். கழற்றிவிடுவேனோ என்று பயந்தவள் மாதிரி லீவர் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"கேபிள் லூசாயிருக்குதுக்கா. இன்னும் கொஞ்சம் டைட் வச்சி வுடுங்க" என்றாள் மெதுவாக. "இப்பல்லாம் காலையில என்னை எழுப்பி வுடறதே அவருதான்."